சபையார் திருடிய இலைகள்

கில்க்ரீக், பென்சில்வேனியா
நவம்பர், வியாழக்கிழமை

அன்புத் தங்கை வெர்லாவுக்கு,

உன் அண்ணன் ஹாலிஸ் எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் சௌக்கியம். வலது முழங்கால் உனக்குத் தனியாக எழுதும். அங்கே அரிசோனாவில் நீயும் மாப்பிள்ளை ரூபர்ட்டும், நீங்கள் பிள்ளை போல வளர்க்கும் கள்ளிச்செடிகளும் குறையின்றி இருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. உன் வீட்டுப் பின்னறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்பதை உடனே தெரிவிக்கவும். உங்கள் தெருவில் மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை என்று நீ போனில் மூக்கைச் சிந்தியபோதெல்லாம் நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். இப்போது வாபஸ் வாங்குகிறேன். இலை உதிராத ஊர்தான் மனிதன் குடியிருக்க லாயக்கான ஊர்.

விஷயம் இதுதான். என் வீட்டு இலைகளைத் திருடிவிட்டார்கள். திருடியவர்கள் நம் சபையார். நீயும் நானும் ஞானஸ்நானம் பெற்ற அதே பிரஸ்பிடேரியன் சபை. பட்டப்பகலில், ஆளுக்கொரு ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே வந்து, என் வீட்டு முன்புறத்தை மொட்டையடித்து, இலைகளையும் அவற்றோடு உன் அண்ணி இமொஜீனின் பலகையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற போக்கில் வாசற்படியில் ஒரு பூசணிக்காயையும், ‘நீங்கள் தனியாக இல்லை’ என்று எழுதிய அட்டையையும் வைத்துவிட்டுப் போனார்கள். நான் தனியாக இல்லை என்பதுதானே என் பிரச்சினையே! தனியாக விட்டிருந்தால் என் இலைகள் என்னிடமே இருந்திருக்கும்.

நீ ஊரைவிட்டுப் போன பிறகு நம் சபை எவ்வளவோ முன்னேறிவிட்டது. முன்னேற்றத்துக்கு நான் விரோதி அல்ல. வாசலில் வானவில் கொடி கட்டிய அன்று ஏணியில் ஏறியவன் நான்தான், கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டியவள் இமொஜீன். யார் வந்தாலும் வரலாம் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, நானூறு பேர் உட்காரும் ஆலயத்தில் முப்பது பேர் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக இராப்போஜன அப்பத்தை இப்போது அரிசிமாவில் செய்கிறார்கள். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இறங்காது. அதையும் பொறுத்துக்கொண்டேன். புதிதாக வந்திருக்கும் பாஸ்டரம்மா டாம்சினுக்கு நம் பேத்தி வயதுதான் இருக்கும், நல்ல மனசு, நன்றாகப் பிரசங்கம் செய்கிறார். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடக்கூடாது என்பதற்காக மூப்பர் கூட்டத்தில் பைன் மரத்துக் காய் ஒன்றைக் கைமாற்றி விடுகிறார். காய் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். நாமோ பிரஸ்பிடேரியன்கள். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் ஒரு குழு அமைத்து, முன்மொழிந்து, வழிமொழிந்து, அப்புறம்தான் தண்ணீர் வாளியைத் தொடுவோம். இப்போது அதற்கு நடுவில் காய்க்காக வேறு காத்திருக்க வேண்டியிருக்கிறது.

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்றுதான், இவர்களுடைய குரல். ஏப்ரலில் இமொஜீனை அடக்கம் செய்தோமே, நீகூட வந்திருந்தாயே, அன்றிலிருந்து இந்த ஊரில் ஒருத்தரும் என்னோடு சாதாரணக் குரலில் பேசுவதில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்கிறார்கள். குரலைப் பஞ்சில் சுற்றிக்கொள்கிறார்கள். “எப்படி இருக்கீங்க ஹாலிஸ்?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் என் தோளைத் தடவுகிறார்கள். ஆர்டித் லஸ்க்கை உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடத்தில் உன் சடையைக் கதவில் கட்டியவள். இப்போது சேவைக்குழுத் தலைவி. என்னோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவள். காபி தண்ணியாக இருக்கிறது என்றால் “உன் நாக்குலதான் தண்ணி, என் காபியில இல்ல” என்பாள். பாட்டை மெதுவாக வாசிக்கிறாய் என்றால் ஆர்கன் மூடியைப் படாரென்று சாத்துவாள். அந்த ஆர்டித்தும் மாறிவிட்டாள். போன மாதம் வேண்டுமென்றே அவள் காபியைச் சாக்கடை என்று சொல்லிப் பார்த்தேன். “உனக்கு அப்படித் தோணுதுன்னா சரிதான் ஹாலிஸ்” என்கிறாள், வெண்ணெய் உருகுகிற மாதிரி.

இலைத் திருட்டுக்கு வருகிறேன். நவம்பர் வந்தால் ஒரு சனிக்கிழமை நம் சபையார் சேர்ந்து போய், வயதானவர்கள், நோயாளிகள் வீட்டு முற்றத்தில் இலை வாரிக் கொடுப்பது உனக்குத் தெரியும். அது ஆரம்பித்த வருடத்திலிருந்து அதற்குத் தலைவன் நான். இலையை எப்படி வாருவது என்று இந்தச் சபைக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். ஒவ்வொரு வருடமும் ஒரே தகராறு, வென்டெல் க்ரேய்க். தொண்ணூற்றொரு வயது. உதவி வேண்டுமா என்று கேட்டால் வாசலில் நின்று, “உங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போங்கடா, நான் இன்னும் சாகல” என்று கத்துவார். ஆகவே செப்டம்பர் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இனி யாரிடமும் கேட்க வேண்டாம். கேட்டால் ரோஷக்காரர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். யாருடைய முற்றத்தில் இலை குவிந்து கிடக்கிறதோ அங்கே நேராகப் போய் வாரிவிட வேண்டியது. நான் முன்மொழிந்தேன், ஆர்டித் வழிமொழிந்தாள், ஆட்சேபமின்றி நிறைவேறியது. ஆமாம் வெர்லா, எனக்கு நானே குழி வெட்டி, அதற்குக் கையையும் தூக்கியிருக்கிறேன்.

என் முற்றத்தில் இலை ஏன் குவிந்து கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னால் முடியாமல் அல்ல. இமொஜீன் தன் கடைசி சில வருடங்களில் பூச்சி புழுக்களின் பக்கம் சேர்ந்துவிட்டாள். உதிர்ந்த இலைக்கு அடியில்தான் மின்மினிகளின் குஞ்சுகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றனவாம், அள்ளிவிட்டால் செத்துப்போகுமாம். சபையில் படைப்பைப் பேணும் குழு என்று ஒன்றை அவளே தொடங்கி, அவளே தலைவியாகவும் பெரும்பான்மையாகவும் இருந்தாள். ஒரு பலகையில் பச்சைப் பெயின்டால் ‘இலைகளை அள்ளாதீர்கள், அடியில் மின்மினிகள் தூங்குகின்றன’ என்று எழுதி, அக்டோபர் பிறந்ததும் மேப்பிள் மரத்தடியில் நட்டுவிடுவாள். ஊருக்கெல்லாம் இலை வாருகிறவன் வீட்டில் இலை கிடக்கிறதே என்று எனக்கு மானம் போகும். அவள் கேட்கமாட்டாள். இந்த வருடம் அவள் இல்லை. நானே அந்தப் பலகையை எடுத்து, மரச்சுத்தியலால் அடித்து இறக்கினேன். இடது பக்கம் சாய்கிறது என்று மறுபடி பிடுங்கி நேராக நட்டேன். ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. அவளுக்காக நான் செய்யக்கூடிய வேலை என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஆலயத்துக்குப் போனேன். எப்போதும் நான்தான் ஆட்களைப் பிரித்து அனுப்புவேன். அன்று ஆர்டித் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், அடித்தளத்தில் ஆப்பிள் சாறு காய்கிற பானைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“நீ இதைப் பாத்துக்க ஹாலிஸ். எல்லாரும் குளிர்ல நடுங்கி வருவாங்க, சூடா குடுக்கணும். நாற்காலியும் போட்டிருக்கேன்.”

“நாற்காலியா? எனக்கா? பானை என்ன ஓடியா போயிடும், நான் உக்காந்து காவல் காக்க?”

“மெத்தையும் வச்சிருக்கேன்,” என்றாள்.

சாறு கொதித்தது. நானும் கொதித்தேன். கிளறினேன். பட்டை வாசனை மூக்கில் ஏறியது. ஒருத்தரும் வரவில்லை. மெத்தை வைத்த நாற்காலி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பானை எக்கேடோ கெடட்டும், நம் இலைவாரியை எடுத்துக்கொண்டு நாமே ஏதாவது ஒரு வீட்டுக்குப் போவோம் என்று வீட்டுக்கு நடந்தேன். தெருமுனை திரும்பியதும் பாட்டுச் சத்தம் கேட்டது. என் முற்றத்தில் சபை முழுக்க நிற்கிறது. லாரிக்காரன் ஃபாரஸ்ட், உனக்குத் தெரிந்த பழைய ரொட்டிக்கடைக்காரரின் மகன், இலையை ஊதித் தள்ளும் இயந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு புயல் மாதிரி சுற்றி வருகிறான். புல் தெரிகிறது, வெர்லா. என் முற்றத்தில் நவம்பரில் புல் தெரிந்து சில வருடங்கள் ஆகின்றன.

“யாருடா உங்களை வரச் சொன்னது?” என்று கத்தினேன்.

ஃபாரஸ்ட் இயந்திரத்தை நிறுத்தினான். “யாரும் சொல்ல வேணாம்னு நீங்கதானே தீர்மானம் போட்டீங்க?”

“பலகை எங்கடா?”

“எந்தப் பலகை?”

“இமொஜீன் பலகை! மரத்தடியில நட்டிருந்தேனே!”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “நாங்க பலகை எதையும் பாக்கலையே சார்,” என்றான் ஃபாரஸ்ட்.

“பாத்திருந்தா ஏன்டா அள்ளப் போற! பாக்காமத்தானே அள்ளியிருக்க!”

முதல் லாரி ஏற்கெனவே ஊர் உரக்கிடங்குக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்திருந்தது. மலை மாதிரி குவிந்து கிடக்கும் ஊர் இலைகளோடு நம் இலைகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. பாஸ்டரம்மாவின் முகம் வெளுத்துப்போனது. ஆர்டித் மெல்ல வந்து என் கைமுட்டியைப் பிடித்துக்கொண்டாள். “கோபப்பட்டுக்கோ ஹாலிஸ். நல்லா கோபப்பட்டுக்கோ. துக்கத்துல இது ஒரு கட்டம்தான்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. இதுக்கு அடுத்து வேற வரும்.” எனக்கு என்ன வரும் என்பதை இவள் புத்தகம் பார்த்துச் சொல்கிறாள்! நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் வாசலில், துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவருகிற கேசரோல் தட்டுகள் வரிசையாக வந்து சேர்ந்தன. நூடுல்ஸும் டூனா மீனும் போட்டது, சீஸ் போட்டது, எதுவும் போடாதது, மாமிசம் தின்னாதவர்களுக்கானது. ஒருவன் இலையை இழந்தால் அவனுக்கு நூடுல்ஸ் கொடுக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது?

செவ்வாய்க்கிழமை மூப்பர் கூட்டம். ராஜினாமா செய்வதற்காகவே போனேன். மூப்பர் பதவியும் வேண்டாம், சபையும் வேண்டாம், லூத்தரன் சபைக்காரர்களிடம் போய்விடுகிறேன், அவர்கள் யாருக்காகவும் உருகுவதில்லை என்று சொன்னேன். பைன் காய் என் கையில் இருந்ததால் யாரும் குறுக்கே பேசவில்லை. பேசி முடித்ததும் காயை யாருக்கும் கொடுக்காமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ட கூட்டங்களிலேயே மிகச் சிறந்த கூட்டம் அது. கடைசியில் பாஸ்டரம்மா காய் இல்லாமலே பேசத் துணிந்தார்.

“உங்க ராஜினாமாவை ஏத்துக்க மூப்பர் குழு ஓட்டுப் போடணும், ஹாலிஸ். ஒருத்தர் ஃப்ளோரிடாவுக்குப் போயிட்டாரு. நீங்க போயிட்டா ஓட்டுக்கு வேண்டிய ஆள் கணக்கு சேராது, கோரம் இல்ல. கோரம் இல்லாம உங்களைப் போக விட முடியாது.”

“அப்படின்னா இருந்து ஓட்டுப் போட்டுட்டுப் போறேன்.”

“சொந்த விஷயத்துல ஓட்டுப் போடக்கூடாதுன்னு விதி இருக்கு,” என்றான் ஃபாரஸ்ட், அவனும் இப்போது மூப்பர். அந்த விதியைக் கொண்டுவந்ததும் நான்தான்.

ராஜினாமாவைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்தார்கள். வேறு ஆள் இல்லாததால் என்னையும் அதில் போட்டார்கள். அப்புறம் எனக்கு மன்னிப்புக் கேட்கும் தீர்மானம் வந்தது. ‘வருந்துகிறோம்’ போதுமா, ‘ஆழ்ந்து வருந்துகிறோம்’ வேண்டுமா என்று விவாதம். குழுவின் செயலர் நான் என்பதால் என்னிடம் கேட்கப்பட்ட மன்னிப்பை நானே குறிப்பெடுத்தேன். கடைசியில் பொறுக்கமுடியாமல் மேசையைத் தட்டி, ஆர்டித்தைப் பார்த்து, “இத்தனை வருஷமா என் வீட்டு வாசலைத் தாண்டித்தானே போற, அந்தப் பலகை உன் கண்ணுல படலையா? இமொஜீன் உனக்கு அவ்வளவுதானா?” என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி. அவர்கள் இருவரும் சகோதரிகள் மாதிரி. ஆர்டித்தின் கழுத்து சிவந்தது. அந்தப் பழைய வாய் திறந்தது. இதோ வருகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாய் மூடிக்கொண்டது. “நீ சொல்றது எல்லாம் நியாயம்தான் ஹாலிஸ்,” என்றாள் மெதுவாக. கண் கலங்கியிருந்தது.

பலகையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று பாஸ்டரம்மா அறிவித்துவிட்டார். நேற்றிலிருந்து சபை முழுவதும் ஊர் உரக்கிடங்கில் நிற்கிறது. மழை வேறு தூறுகிறது. பாஸ்டரம்மா முழங்கால் வரை அழுகல் இலையில் நின்று கிளறுகிறாராம். வென்டெல் க்ரேய்க் கூட ஒரு மடக்கு நாற்காலியோடு போய் உட்கார்ந்து, “அங்க இல்லடா, இந்தப் பக்கம் கிளறு” என்று அதிகாரம் பண்ணுகிறாராம். ஆர்டித்துக்கு இருமல் என்று கேள்வி. கிளறட்டும். நன்றாகக் கிளறட்டும். ஒருவனைக் கேட்காமல் அவன் முற்றத்தில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று தெரியட்டும். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லை. என் பங்கு இரக்கத்தையும் சேர்த்து அவர்களே செலவழித்துவிட்டார்கள்.

ஆகவே பின்னறையைத் துடைத்து வை. வீட்டை விற்கிற வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை எழுதி முடித்ததும் கேரேஜுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டப்போகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் கள்ளிச்செடிகளுக்கு என் மரியாதை, அவை யாரையும் தடவிக்கொடுப்பதில்லை. ஆண்டவர் உன்னைக் காத்து, உன் முற்றத்தை எந்தச் சபையின் கண்ணிலும் படாமல் மறைத்து வைப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
ஹாலிஸ்

பின்குறிப்பு: பெட்டியை எடுக்கக் கேரேஜுக்குப் போனேன். ஏணிக்குப் பின்னால், பழைய போர்வையில் சுற்றி, போன குளிர்காலத்தில் இமொஜீன் எப்படி வைத்தாளோ அப்படியே பலகை இருக்கிறது. மேலே சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. வெர்லா, நான் அதை வெளியே எடுக்கவே இல்லை. ஆனால் நட்டதாக என் கண்ணில் நிற்கிறது. சுத்தியல் கையில் இருந்தது நினைவிருக்கிறது. இடது பக்கம் சாய்கிறது என்று பிடுங்கி நட்டதும் நினைவிருக்கிறது. தனியாக நட்டவனுக்குச் சாய்கிறது என்று சொன்னது யார்? எட்ட நின்று பார்த்து அவள்தான் சொன்னாள். அது போன வருடம்.

பிறகு ஏன் இலையை வாரவில்லை என்று கேட்பாய். வாரவில்லை, அவ்வளவுதான். இலைவாரியை எடுக்கத் தினமும் கேரேஜ் கதவு வரைக்கும் போவேன். கைப்பிடியைத் தொடுவேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். மின்மினிக்காக ஒன்றும் இல்லை. சபையார் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

உரக்கிடங்கில் இன்னும் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் போய்ப் பலகையைக் குவியலுக்குள் சொருகிவிட்டு, “இதோ கிடைச்சிடுச்சு” என்று கத்திவிடலாமா என்று யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே யோசித்தேன். வேண்டாம். பலகையைக் காரில் வைத்துவிட்டேன். உரக்கிடங்கு வாசல் வழியாக, எல்லோரும் பார்க்க, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறேன். பைன் காயும் கோட்டுப் பையில்தான் இருக்கிறது, அதை முதலில் ஆர்டித் கையில் கொடுத்துவிடுவேன். மழையில் இருமிக்கொண்டு நிற்பவள் இதைப் பார்த்ததும் என்னைச் சும்மா விடமாட்டாள். கிழட்டு மடையா என்று ஆரம்பித்து, ஊர் கேட்கக் கத்துவாள். கத்தட்டும். ஏப்ரலிலிருந்து என்னை ஒருத்தரும் திட்டவில்லை, வெர்லா. பின்னறையைத் துடைக்க வேண்டாம்.